மாட்டுக்கு வாசித்த இரண்டாம் அத்தியாயம்

லாபு ரப்பர் தோட்டத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

முதுகலை ஆய்வேட்டு நேர்முகத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பேராசிரியர் எச்சரித்தார்: "மற்றவர்கள் நினைத்ததையெல்லாம் எழுதியிருக்கிறாய். நீ என்ன நினைக்கிறாய்? அதைத்தான் கேட்பார்கள். பதில் இல்லையென்றால் தேறுவது சிரமம்."

உயிர் என்றால் என்ன என்பதுதான் என் ஆய்வு. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சிலர், விலங்கின் உடல் ஒரு கடிகாரம் போன்றது என்றார்கள். எல்லாம் குழாயும் விசையும்தான். அது கத்துவதுகூடச் சக்கரம் கிறீச்சிடுவது போலத்தான். வேறு சிலர் மறுத்தார்கள். நான் இரு பக்கமும் எழுதிவிட்டு நடுவில் நின்றேன்.

அந்த வாரம் பார்த்து அம்மா வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டார். பால் கறக்க நான் வீட்டுக்கு ஓடினேன். பதின்மூன்று வயதிலேயே விடுதிக்குப் போனவள் நான்; எங்கள் மாட்டுக்கு என்னைத் தெரியாது. கன்றை விலக்கி நான் உட்கார்ந்ததுமே பாலை அடக்கிக்கொண்டது. வாளிக்கு ஓர் உதை வேறு.

"கொழாய், பம்புன்னு பக்கம் பக்கமா எழுதுனியேம்மா, இப்ப அந்தப் பம்ப அடிச்சுப் பாரு லா," என்று அப்பா சிரித்தார்.

"நீங்க சும்மா இருங்க," என்றார் அம்மா. "ஏதாச்சும் பேசுடி அதுகிட்ட. ஊமையாட்டம் உக்காந்தா திருட வந்தவன்னு நெனைக்கும்."

மாட்டிடம் பேச எனக்கு என்ன இருக்கிறது? என் இரண்டாம் அத்தியாயத்தை ஆங்கிலத்திலேயே வாசித்தேன். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காதைத் திருப்பியது. ஐந்தாம் நாள் பாதி வாளி.

தேர்வில் இதைச் சொன்னேன். தேர்வாளர் விடவில்லை. "சத்தம் காதில் போய் ஒரு விசையைத் தட்டியிருக்கிறது. இயந்திரம்தானே?"

"முதல் நாளும் அதே அத்தியாயம், அதே குரல்தான், சார். அன்று கொடுக்கவில்லை. நான் யார் என்று பழகிப் பார்த்த பிறகுதான் கொடுத்தது. கடிகாரத்துக்கு யார் சாவி கொடுத்தாலும் ஒன்றுதான். உயிருக்கு அப்படியில்லை. இதுதான் என் கருத்து."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே அனுப்பிய என்னை அரை மணி நேரத்தில் உள்ளே அழைத்துக் கை குலுக்கினார்கள்.

வாசலில் நின்றே வீட்டுக்கு அழைத்தேன்.

"பாஸா?" என்றார் அப்பா.

"பாஸ்ப்பா!"

அவர் அம்மாவிடம் கத்திச் சொல்வது கேட்டது. பிறகு என்னிடம் கேட்டார்: "மாட்டுகிட்ட சொல்லிறவா?"

"வேணாம்ப்பா. நானே வந்து சொல்றேன்."