கார்த்திகையில் நெய்த துண்டு

"எந்தக் காலுண்ணே? வச்சு எத்தன வருசமாச்சு?"

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வரும் பஸ்ஸில் யாரையாவது இப்படிக் கேட்காமல் பிரவீணா இறங்கியதில்லை. இந்தத் தடவை மாட்டியவர் தங்கசாமி, திருச்சுழிப் பக்கம் மிளகாய் போடுகிறவர். அவர் காலை நீட்டி உட்கார்ந்த விதத்திலேயே உள்ளே எலும்பில் பிளேட் இருப்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவரும் லேசுப்பட்டவரல்லர். வேட்டியை முழங்காலுக்கு ஏற்றித் தழும்பையே காட்டிவிட்டார். "ஆறு வருசம் தாயி. மேகம் கூடுனாப் போதும், உள்ள கெடந்து குடையும். இது ஏன் இப்படிப் பண்ணுது?"

"இருங்கண்ணே, எனக்கே வெளங்கல" என்றாள். அவள் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுதான். படிக்கப் படிக்கத் தெளியும் என்பார்கள். இவளுக்குக் குழப்பம்தான் கூடியிருக்கிறது. கல்யாண வீட்டில் சாம்பார் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, பரிமாற மறந்து, கண்ணுக்கு லென்ஸ் வைத்த பெரியப்பாவை விசாரித்துக்கொண்டிருப்பாள்.

உடம்புக்குள் வைக்கிற பொருளை உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. செரிக்கவும் முடியாமல் துரத்தவும் முடியாமல் போனால், வந்த பொருளைச் சுற்றி உடம்பு நார்த்திசுவால் ஒரு சுவர் எழுப்பிவிடும். வேண்டாத சம்பந்தி வந்து தங்கினால் அறைக்கதவைச் சாத்திவிடுகிற மாதிரி. இயற்கைப் பசை நீக்கிய பட்டு நூலில் நகத்தளவு துண்டுகள் நெய்து, எலியின் தோலுக்கடியில் வைத்துத் தைத்து, ஒரு மாதம் கழித்து அந்தச் சுவர் எத்தனை தடிமன் என்று பார்க்கிறாள். துண்டுகளை நெய்வது அப்பா சௌடப்பன். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலைத் தயார் செய்வது அம்மா சௌந்தரம். வீட்டில் இரண்டு தறி இருக்க வெளியே எதற்குப் போக வேண்டும்?

நெருக்கமாக நெய்த துண்டுகளுக்குச் சுவர் தடித்திருந்தது. தளர்வாக நெய்தவற்றுக்கு மெலிந்திருந்தது. நான்காவது அத்தியாயம் முழுக்க இதுதான். அவளுடைய ஆராய்ச்சிக் கைடு இதை ஒரு கருத்தரங்கில் பெருமையாகப் பேசியும் விட்டார். ஆனால் போன கார்த்திகையில் நெய்த ஒரு தொகுதிக்கு மட்டும் நெருக்கமாக இருந்தும் சுவர் தடிக்கவில்லை. பிரவீணா தண்ணீரைச் சந்தேகப்பட்டாள், பசை நீக்குகிற சோப்பைச் சந்தேகப்பட்டாள், எலிகளின் தீனியைச் சந்தேகப்பட்டாள். தன் கண்ணையே சந்தேகப்பட்டு, லேபில் வேறொருத்தியை அளந்து பார்க்கச் சொன்னாள். அதே அளவுதான் வந்தது. "எல்லாம் சரியா இருக்கறப்ப அந்த ஒண்ண விட்டுத் தள்ளும்மா. அடுத்த மாசம் தீசிஸ் குடுக்கணும்" என்றார் கைடு. விட்டுத் தள்ளத்தான் நினைத்தாள். முடியவில்லை.

கடைசியாக ஒருமுறை நெருக்கமாக நெய்து பார்த்துவிடலாம் என்று நூலை வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். எப்போதும் நெய்து முடித்த பிறகு வந்து வாங்கிப்போகிறவள், பங்குனி முதல் சனிக்கிழமை முன்கூட்டியே வந்து நின்றாள்.

சௌந்தரம் நீளக் கட்டிய பாவின் மேல் ஈரத்துணியால் நீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சட்டி.

"என்னம்மா தடவுற?"

"கஞ்சி. ரெண்டு சொட்டு எண்ணெய்யும் விட்டுருக்கேன்."

"என் நூல்லயா?"

அந்த வீட்டில் பேச்சு கன்னடம். கோபம் வந்தால் பிரவீணாவுக்குத் தமிழ். அம்மாவும் தமிழிலேயே திருப்பிக் கொடுத்தாள். "பின்ன? இந்த வெயிலுக்கு உன் நூலு தாங்குமா? தொட்டா அந்துபோகுது. நெருக்கிப் போட்டா இன்னும் மோசம். நெய்து முடிச்சு ரெண்டு தரம் அலசித்தான குடுக்குறேன்."

"கார்த்திகையிலயும் போட்டியா?"

"அப்ப எதுக்கு? காத்துலயே ஈரம் இருக்குமே."

பிரவீணா துண்டுகள் நெய்த மாதங்களை விரல்விட்டு எண்ணினாள். நெருக்கமான துண்டுகள் எல்லாம், அந்த ஒரு தொகுதி போக, மாசியிலிருந்து வைகாசிக்குள் நெய்தவை. தளர்வானவை எல்லாம் மழை, பனி மாதங்களில் நெய்தவை. எலிகள் நெசவைப் பார்த்துச் சுவர் எழுப்பவில்லை. அலசியும் போகாத எண்ணெயைப் பார்த்து எழுப்பியிருக்கின்றன. ஒன்றரை வருட உழைப்பு! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சோத்துக்கு உப்புப் போட்டேன்னு யாராச்சும் சொல்லிக்கிட்டா இருப்பாக?"

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் "நீ போய்ப் படி" என்று பாவுப் பக்கமே அண்டவிடாமல் வளர்த்தவளும் இதே அம்மாதான்.

மகளின் முகத்தைப் பார்த்த சௌந்தரத்தின் குரல் இறங்கியது. "கெட்டுப்போச்சா? என்னாலயா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அந்நேரம் போன் அடித்தது. கைடுதான். அத்தியாயம் இன்றைக்கு வந்துவிடுமா என்று கேட்டார்.

"வராது சார். அது தப்பு. நெசவு நெருக்கத்தால இல்ல சார், நூல்ல கஞ்சியும் எண்ணெய்யும் இருந்துருக்கு. மறுபடி முதல்ல இருந்து செய்யணும்."

"யாரு போட்டது?" என்றார் அவர். ஸ்பீக்கர் இல்லாமலே அது சௌந்தரத்துக்குக் கேட்டது. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"பாவு போடுறப்ப நான் கூடவே நின்னு பாத்துருக்கணும் சார். நிக்கல."

போனைத் தோளில் இடுக்கியபடி பையைத் துழாவி லேபில் மாதிரி எடுக்கிற ஒரு காலிக் குப்பியை எடுத்தாள். மூடியைத் திருகித் திறந்து, கஞ்சிச் சட்டியைக் கண்ணால் காட்டி, குப்பியை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினாள்.