பானுமதியின் இடது கை

எலி விரலைக் கவ்விக்கொண்டிருந்தது. பானுமதி அக்கா அதைக் கவனிக்காமல், குர்லாவில் ரயில் ஏறும்போது ஒருத்தி தன் காலை மிதித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கையுறையில் சிவப்புப் பரவியது. தீவன மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த நான் கத்திவிட்டேன்.

"காய்கோல, எதுக்குல இப்பிடிக் கத்துத? இது செத்த கை. எம்புட்டு வேணா கடிக்கட்டும். வலது கைன்னாத்தான் வலிக்கும்."

தாராவியில் எங்கள் சந்துக்காரர். டப்பா பட்டறையில் வேலை பார்த்தபோது தகரம் கிழித்து இடது மணிக்கட்டில் நரம்பு அறுந்தது. காயம் ஆறிவிட்டது. மூன்று விரல்களுக்கு உணர்வு திரும்பவில்லை. சுடுகல்லிலிருந்து தோசையை அந்த விரல்களால்தான் எடுப்பார். பார்க்கிற நமக்குத்தான் உடம்பு கூசும்.

இப்போது செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிக்கிறார். அங்கே எலியின் பின்னங்கால் நரம்பை வெட்டி, இடைவெளியில் சின்னக் குழல் ஒன்றை வைக்கிறார்கள். தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய இழைகளால் ஆன குழல். பந்தலில் கொடி ஏறுவதுபோல அதைப் பற்றி நரம்பு வளர வேண்டும். வளர்கிறதா என்று பார்க்க, பாதத்தில் மை தடவிக் காகிதத்தில் நடக்க விடுவார்கள். தடத்தில் விரல்கள் விரியாமல் ஒட்டியிருந்தால் நரம்பு வளரவில்லை என்று பொருள்; அன்றைக்கு அக்கா சரியாகச் சாப்பிட மாட்டார்.

"இதுக்குக் கால் வந்துட்டுன்னா எனக்குக் கை வந்த மாதிரி."

காது மடங்கிய எலி ஒன்றுக்கு 'மருமவன்' என்று பெயர் வைத்திருந்தார். தின்பதையும் கடிப்பதையும் தவிர வேறு வேலை கிடையாதாம்.

போன வாரம் மருமவனின் விரல்கள் விரிந்து பதிந்தன. அக்கா துள்ளினார். ஆய்வாளர் ஷ்ருதியும் கைதட்டினார்: "சூப்பர், பானுக்கா! நாளைக்கு இத எடுத்துடலாம்."

"எங்க எடுத்துட்டுப் போவாங்க?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"கொன்னுதாம்ல பாக்கணும். உள்ள நரம்பு எம்புட்டு வளந்திருக்குன்னு வெளிய தெரியுமா?"

"அதான் நடந்துட்டுதே, அக்கா!"

"நடந்ததுனாலதாம்ல."

மறுநாள் இறக்க மூட்டை எதுவும் இல்லாமலே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். ஷ்ருதி உள்ளறையிலிருந்து கூப்பிட்டார். அக்கா கூண்டைத் திறந்து, வழக்கம்போல் இடது கையை நீட்டினார். பாதியில் இழுத்துக்கொண்டார். பிறகு வலது கையின் உறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையால் மருமவனை எடுத்தார்.