வாஷிங்டனின் கழுதை

இடது அக்குளில் வெந்நீர் ஃபிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார் வாஷிங்டன் எச்செவெரி. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தோளைச் சற்றுச் சாய்க்கிறார். மேசைமேல், நாங்கள் தேநீர்போல் உறிஞ்சிக் குடிக்கும் மாத்தே இலை நிரம்பிய சுரைக்குடுக்கைக்குள் வெந்நீர் நூல் பிடித்தாற்போல் இறங்குகிறது. நான் இந்த ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு சொட்டுக்கூடச் சிந்திப் பார்த்ததில்லை.

எங்கள் ஸால்தோ ஊரில் பிள்ளைக்கு வாஷிங்டன், நெல்சன் என்று ஜம்பமாகப் பெயர் வைப்பார்கள். அப்புறம் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். இவர் பெயர் ‘ஒல்லி’. தொப்பை மேசையில் இடிக்கிறது, இன்னமும் ஒல்லிதான். ஆரஞ்சுத் தோட்டக்காரர்களின் சங்கத்தில் யார் தோட்டத்துப் பெட்டி எந்த லாரியில் போகிறது என்று பட்டியல் அடிப்பது அவர் வேலை.

சங்கத்தில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். பிரிண்டர் கிரீச்சிட ஆரம்பித்தால், அது முடிக்கிற வரைக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானும் வேலை செய்யாது. அப்போதுதான் எங்கள் மாத்தே. கசப்பான முதல் குடுக்கையை ஒல்லி குடிப்பார். பிறகு அதையே நிரப்பி நிரப்பி ஒவ்வொருவருக்கும் தருவார். குடுக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘நன்றி’ என்றால் ‘எனக்குப் போதும்’ என்று பொருள். அப்புறம் உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே எங்கள் ஆபீசில் யாரும் நன்றி சொல்வதில்லை.

ஆனால் கம்ப்யூட்டர் சும்மா நிற்பது ஒல்லிக்குப் பொறுக்கவில்லை. “பிரிண்டர் கிழம், மெதுவா மெல்லுது, சரி. அதுக்கு இவன் ஏன்யா வாயப் பொளந்துகிட்டு உக்காந்திருக்கணும்?” என்பார். ஊரே மதியத் தூக்கம் போடும் நேரத்தில் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதிவிட்டார். அச்சாக வேண்டியதையெல்லாம் அது வாங்கி ஓர் ஓரத்தில் வைத்துக்கொண்டு, பிரிண்டருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும். கம்ப்யூட்டர் உடனே அடுத்த வேலைக்குத் தயார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘கழுதை’.

“மூட்டைய ஏத்தியாச்சுல்ல? அது பாட்டுக்கு நடக்கும். நீ உன் வேலையப் பாரு.”

நானும் ஒரு தோட்டத்துப் பட்டியலை ஏற்றினேன். ஆனால் எனக்கு எங்கே நம்பிக்கை? பிரிண்டர் வேறு எதையோ அடித்துக்கொண்டிருந்தது. என் பட்டியலைக் காணோம். மறுபடி மறுபடி கட்டளை கொடுத்தேன். கழுதை எல்லாவற்றையும் சுமந்திருக்கிறது! தாள் தீரும்வரை ஒரே தோட்டத்துப் பட்டியலே வந்தது. ஒல்லி தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு மேனேஜர் பெராஸாவின் காதுக்கும் போயிற்று.

“பிரிண்டர் ஓடும்போதே டைப் அடிக்கலாமாமே ஒல்லி? அப்ப சாயங்காலத்துக்குத் தனியா ஆள் எதுக்கு? நாளைக்கு ஓட்டிக் காட்டு. சரியா இருந்தா ஒதில்யாவ இந்த மாசத்தோட அனுப்பிடலாம்.”

காலை நேரத்தைப் பிரிண்டர் தின்றுவிடுவதால்தான், மிச்சத்தை அடிக்க ஒதில்யாவைச் சாயங்காலத்துக்கு வைத்திருக்கிறார்கள். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. “உன் கழுதை அவ வயித்துல அடிக்கப் போகுதுய்யா!” என்றேன்.

“தெரியும்டா,” என்றார். ‘ஓடவில்லை சார்’ என்று ஒரு பொய் சொன்னால் தீர்ந்தது. ஆனால் பொய் சொன்னால் இந்த மனுஷனுக்குக் காது சிவந்துவிடும்.

மறுநாள் சாயங்காலம் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றார். ஒதில்யா கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றாள். கழுதை குடியிருந்த ஒரே ஃபிளாப்பியை ஒல்லி சட்டைப் பையிலிருந்து எடுத்து, உறையை நீக்கி, குடுக்கைக்குப் பக்கத்தில் வைத்தார். வழக்கம்போலத் தோளைச் சாய்த்தார். வெந்நீர் குடுக்கைக்குள் போகவில்லை. நேராக ஃபிளாப்பியின் மேல் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

“அடடா,” என்றார் ஒல்லி. காது இரண்டும் தக்காளியாகச் சிவந்திருந்தன.

“இந்தப் புரோகிராமுக்கு வேற காப்பி இருக்கா?” என்றார் மேனேஜர்.

“இல்ல சார்.”

“திரும்ப எழுத முடியாதா?”

“எழுதலாம் சார். ரொம்ப நாளாகும்.”

மேனேஜர் அந்தக் காதுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி. ஒதில்யா இருக்கட்டும்,” என்று முனகிவிட்டுப் போனார்.

பிரிண்டர் கிரீச்சிட்டது. கம்ப்யூட்டர் பழையபடி மரமாக நின்றது. முதல் குடுக்கையைக் குடித்துவிட்டு, அடுத்ததை ஒல்லி ஒதில்யாவிடம் நீட்டினார். அவள் அடியில் நீர் தீர்ந்து சத்தம் வரும்வரை உறிஞ்சினாள். கண் நிறைந்திருந்தது. குடுக்கையைத் திருப்பி நீட்டி, “ஒல்லி அண்ணே...” என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அடுத்தது என் முறைதான். ஆனால் ஒல்லி அவசரமாகக் குடுக்கையைப் பிடுங்கி, நிரப்பி, மறுபடி அவள் கையிலேயே வைத்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.