ஜெர்மன்காரர் கொடுத்த ஊசித் தொப்பி

ஆம்பூரில் எங்கள் அப்பாவின் விரலுக்குப் பயப்படாத தோல் கிடையாது. ஃபேக்டரியில் அவருக்குச் செக்கிங் வேலை. கண்ணை மூடித் தடவியே ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார். ஓட்டை என்றால் ரிஜெக்ட். அ, ஆவுக்கு முன்பே நான் கற்ற பாடம் அது.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் துணிப்பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். அடேயப்பா! கருகருவென்ற தோல், முன்னால் சிறகு விரித்த பித்தளைக் கழுகு, உச்சியில் ஈட்டிபோல ஒரு முனை. நான் வாயை மூடவே மறந்துவிட்டேன்.

பழைய ஜெர்மன் பட்டாளத் தொப்பியாம். ஜெர்மன்காரர் ஒருவர், சண்டையில் செத்துப்போன தன் கொள்ளுத்தாத்தாவின் தொப்பியையே சாம்பிளாகக் கொடுத்திருந்தார். அச்சு அசலாகச் செய்து காட்டினால் நாடகக்காரர்களுக்காகப் பெரிய ஆர்டர். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் அப்பாவின் வேலை போய்விடும்.

"இரும்பு இல்லம்மா, நம்ம தோலுதான். வேக வச்சு, அச்சுல அழுத்தி இறுக்கியிருக்கான்," என்றார் அப்பா. பித்தளை முனை உள்ளே வெறும் கூடு. அதன் அடியில் சுற்றிலும் பொடித் துளைகள், தலைக்குக் காற்றுப் போக. பீரங்கிக்காரர்களுக்கு முனைக்குப் பதில் உருண்டையாம். ஒரு தொப்பிக்குள் இவ்வளவு யோசனையா என்று எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

அளவெடுத்துவிட்டு அப்பா சாப்பிடப் போனார். நான் அவர் மாதிரியே கண்ணை மூடித் தடவினேன். இடது காதுக்கு மேலே விரல் நின்றது. பிய்ந்த விளிம்போடு ஒரு ஓட்டை! காற்றுக்கென்றால் வலப்பக்கமும் இருக்க வேண்டுமே, இல்லை. ஐயோ, ரிஜெக்ட் பீஸ்! பழி அப்பாமேல் அல்லவா விழும்? தோல்தூளைச் சொல்யூஷன் பசையில் குழைத்து அடைத்தேன். மேலே கறுப்புப் பாலிஷ். எனக்கே இடம் தெரியவில்லை.

சாப்பிட்டு வந்த அப்பாவின் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா பண்ண நீ?"

"ஓட்டை இருந்துச்சுப்பா. அடச்சிட்டேன்."

முகம் வெளுத்துப்போய், பாலிஷைத் துடைத்து, காயாத பசையை ஊசியால் துளித்துளியாகத் தோண்டி எடுத்தார். நல்லவேளை, தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடி விழும் என்று முதுகைக் காட்டி நின்றேன். அவரோ தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு என் முன்னால் குனிந்தார்.

"அந்த ஓட்டையில விரல வுடு. இன்னா தட்டுது?"

"உன் தலதான்பா!" என்று சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. அவ்வளவு அழகாக அடைத்ததை ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.