முழங்கால் மடக்காமல்

என்னை யாராவது தலையிலிருந்து கால்வரை அளந்து பார்த்தால் அடுத்து ஒரு பெருமூச்சு வரும். சிறுவயதிலிருந்தே எனக்கு அது பழகிப்போயிருந்தது. நான் வளர்ந்தது நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில். அப்பாவும் அம்மாவும் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். நோர்வேஜியப் பள்ளியில் என்னைவிட உயரமான பெண்கள் இரண்டு மூன்று பேர் இருந்ததால் யாரும் என்னைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்தான் நான் தென்னைமரம். கலியாணப் பேச்சு தொடங்கியதும் பெருமூச்சுகள் இன்னும் நீண்டன. பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனால் வளர்த்தி கூடிப்போச்சு என்று ஒரு மாமி என் முகத்துக்கு நேரேயே சொன்னார். நேரத்துக்கு வளர்ச்சியை நிறுத்த மறந்தது ஏதோ என் குற்றம் என்பதுபோல இருந்தது அவருடைய பேச்சு.

அதனால், ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வந்த பிசியோதெரபிஸ்ட் என்னை அதே மாதிரி அளந்து பார்த்தபோது எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் ஒரு ஆஸ்திரேலியப் பெண், நோர்வேஜியரைக் கட்டியவர். பெருமூச்சு விடுவார் என்று காத்திருந்தேன். அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டு, புதன்கிழமை பின்னேரங்களில் உனக்கு வேலை ஏதும் உண்டா என்று கேட்டார். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அவர் ஒரு பெண்கள் அணிக்கு ஆஸ்திரேலிய உதைபந்தாட்டம் பழக்கிக்கொண்டிருந்தார். பந்து முட்டை வடிவம். உதைக்கலாம், கையால் பிடித்துக்கொண்டு ஓடலாம், இடித்துத் தள்ளவும் ஓரளவு அனுமதி உண்டு. மைதானத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள், காப்பதற்குக் கோல்கீப்பர் கிடையாது. ஒருவர் தூர உதைத்த பந்தை நிலத்தில் படாமல் இன்னொருவர் பிடித்துவிட்டால் ஆட்டம் அவருக்காகச் சற்று நிற்கும், அவர் அவசரப்படாமல் ஆறுதலாக உதைக்கலாம். ஆகவே எட்டிப் பிடிக்கிறவருக்குத்தான் மவுசு. என்னைக் கம்பங்களுக்கு முன்னால் கடைசிக் காவலாக நிறுத்தினார். எதிரணியின் உயரமான ஆள் பந்தைப் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. முடிந்தால் நானே பிடிக்க வேண்டும், முடியாவிட்டால் கைமுட்டியால் குத்தி வெளியே தள்ள வேண்டும்.

முப்பத்தெட்டு வயதில், முழங்கையில் சிராய்ப்பும் தலைமயிரில் புல்லுமாக, நான் சந்தோசமாக இருந்தேன். முதல் வருடம் முழுக்க நன்றாகவே ஆடினேன். உயரமானவளே, உயரமானவளே என்று அணியில் எல்லோரும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதெல்லாம் உதவிக்கு.

என் கணவர் டி-பானே என்கிற ஒஸ்லோ மெட்ரோ ரயில் ஓட்டுகிறவர். அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு வேலை இருந்ததால் அவர் ஒரு ஆட்டமும் பார்க்கவில்லை. அடுத்த வசந்தத்தில் வேலை நேரம் மாறியது. குரோருட்டில் நாங்கள் ஆடும் மைதானத்துக்குத் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு, தேநீர்ப் போத்தலும் மீன் ரோல்ஸும் மடக்குக் கதிரைகளுமாக வந்து இறங்கினார். மச்சாளுக்கு ஆட்டம் விளங்கவில்லை. ஆனாலும் ரோல்ஸ் தீரும்வரை கைதட்டினாள்.

அந்த வசந்தத்தில்தான் நான் சறுக்கத் தொடங்கினேன். என் கண்முன்னாலேயே பந்துகளைப் பிடித்தார்கள். என்னைவிடக் கட்டையானவர்களும் பிடித்தார்கள். ஒரு ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் என்னைத் தனியே கூப்பிட்டு முழங்கால்களை அழுத்திப் பார்த்தார். நோகிறதா என்று கேட்டார். நோகவில்லை என்றேன். பந்து வரும்போது நீ எதிரணி ஆளுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறாய், பிந்தித்தான் எழும்புகிறாய், ஏன் என்று எனக்கே பிடிபடவில்லை என்றார். புதிதாக ஒரு நோர்வேஜியப் பெண் அணியில் சேர்ந்திருந்தாள், கையால் பந்தெறிந்து கோல் போடும் ஹொண்ட்போல் ஆடியவள். வருகிற ஞாயிறு சுவீடன் அணி வருகிறது, அன்றைக்கும் இப்படியென்றால் உன் இடத்தை அவளுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றார். அவருக்கு வளைத்துப் பேச வராது. நோர்வேஜிய மொழியையும் அப்படி நேராகத்தான் பேசுவார்.

முப்பத்தொன்பது வயதில் மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் உட்கார வைத்தால் பிறகு எழும்பி வருவது லேசில்லை. என் வளர்த்தியை வேண்டுமென்று கேட்ட ஒரே இடம் அந்த மைதானம்தான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அந்தக் கிழமை முழுக்க வீட்டில் எல்லோர்மீதும் சீறிக்கொண்டு திரிந்தேன். எல்லோரும் என்றால், என் கணவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை பின்னேரம் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டுக் குசினியில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கணவர் தான் கைபேசியில் எடுத்த ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமிக்ஞை விளக்கைப் பார்க்கிற அதே முகம். நிறுத்துவார், பின்னால் ஓடவிடுவார், மறுபடியும் பார்ப்பார்.

"இஞ்சை பாரும். பந்து இன்னும் அங்கை வருது. அதுக்கு முன்னமே நீர் ஆளுக்குப் பின்னாலை போயிட்டீர். முழங்காலும் மடியுது."

காவல் நிற்கிறவள் ஆளைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது என்று எரிந்து விழுந்தேன். அவர், பயிற்சியாளர் அனுப்பிவைத்திருந்த போன வருடத்து ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். அதிலும் நான்தான். ஆனால் ஆளுக்கு முன்னால், நிமிர்ந்து, கைகளை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றேன்.

"போன வருசம் எங்கடை ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை," என்றார். "இப்ப நாங்கள் கரையிலை இருக்கிறம். நீர் படத்துக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீர்."

கத்தியைக் கீழே வைத்தேன். அதற்குமேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் கொண்டாட்டங்களில் படம் எடுக்கும்போது நான் கேட்காமலே பின்வரிசைக்குப் போவேன். அங்கேயும் படம்பிடிக்கிறவர் விடமாட்டார், அக்கா கொஞ்சம் பணியுங்கோ என்பார். முதுகைக் கூனினால் படத்தில் தெரியும். முழங்காலை மடக்கினால் சேலைக்குள் யாருக்கும் தெரியாது. பிறந்தநாள், தேவாலயத்தில் முதல் நன்மை, கலியாணம் என்று எத்தனையோ வீட்டுப் படங்களில் நான் அப்படித்தான் நிற்கிறேன். எங்கள் சொந்தக் கலியாணத்திலும் அதுதான் நடந்தது. உயரம் காட்ட என் கணவரைக் கோயில் படியில் ஏற்றிவிட்டு, என் காதுக்குள் மட்டும் பணியச் சொன்னார்கள். கேக் வெட்டும்போது என் தொடைகள் நடுங்கியதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். "நான் நாளைக்கு வரேல்லை. நீர் போய் விளையாடும்," என்றார்.

சும்மா சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காகவே அந்த மனிதர் வாரம் முழுக்கக் காத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நீங்கள் வராட்டி ரோல்ஸை ஆர் கொண்டுவாறது என்று கேட்டுவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினேன். கண்ணீருக்கு வெங்காயம் பழி ஏற்றுக்கொண்டது.

மறுநாள் ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளரிடம் போய், இன்றைக்கு ஆளுக்கு முன்னால் நின்று பார்க்கட்டுமா என்று கேட்டேன். தலைக்கு மேலால் பந்து போனால் பின்னால் காப்பாற்ற யாருமில்லை என்று யோசித்தார். பிறகு, சரி, பாதி நேரம் தருகிறேன் என்றார்.

கேட்டு வாங்கியும், முதல் பந்துக்கே என் கால்கள் பழைய இடத்துக்குப் போய்விட்டன. சுவீடன் பெண் என் மூக்குக்கு முன்னால் பந்தைப் பிடித்துக் கோல் அடித்தாள். வெட்கத்தோடு கரையைப் பார்த்தேன். அங்கே என் கணவர் கதிரையைத் திருப்பிப் போட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் மச்சாளும் அப்படியே. இரண்டு பேரும் ஒரு வேலியையும் நாலு பிர்ச் மரங்களையும் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முழங்காலை மடக்கி வைத்திருக்க முடியாது என்று அப்போதுதான் கண்டுகொண்டேன். அடுத்த பந்து உயர்ந்து வந்தபோது அந்தப் பெண்ணுக்கு முன்னால் காலடி வைத்து, அவளை மறந்து பந்தை மட்டும் பார்த்தேன். அது வந்து என் இரண்டு கைகளுக்குள்ளும் இறங்கியது. அதற்குப் பிறகு வந்தவற்றில் பலதையும் பிடித்தேன், பிடிக்க முடியாததைக் குத்தி வெளியே அனுப்பினேன். ஏதோ ஒரு கட்டத்தில் மச்சாள் களவாகத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினாள். கணவரும் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அப்போதும் என் கால்கள் நேராகவே இருந்தன.

ஆட்டத்தில் தோற்றோம். ஆனாலும் பயிற்சியாளர் வந்து என் தோளில் தட்டி, நான்தான் உன்னைப் பிழையான இடத்தில் நிறுத்தியிருக்கிறேன் என்றார். கடைசிக் காவல் அந்தப் புதுப் பெண்ணுக்காம். எனக்கு அதற்கு முன்னால், எதிரணி உதைக்கிற பந்துகள் இறங்கும் நடுப்பகுதி. உன் இடம் முன்னால் என்று ஒருவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. நன்றி சொல்லப் போய் அவரைச் சேற்றோடு கட்டிப்பிடித்துவிட்டேன்.

என்னையும் கணவரையும் ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்று அவரே கைபேசியை வாங்கினார். கணவர் பக்கத்தில் வந்து நின்றார். காலில் அடியில் குமிழ் வைத்த விளையாட்டுச் சப்பாத்து, அதனால் நான் இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தேன். என்னை அறியாமல் முழங்கால்கள் மெல்ல மடிந்தன.

"மடக்காதையும்," என்றார் கணவர், உதடு அசையாமல், முன்னால் பார்த்துச் சிரித்தபடி. "கலியாணப் படத்திலையும் மடக்கினனீர். எனக்குத் தெரியும். அண்டைக்குச் சொல்ல வாய் வரேல்லை."

நான் நிமிர்ந்தேன். அந்தப் படத்தை வீட்டில் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். அதில் அவருடைய தலை என் புருவத்துக்குக் கீழே நிற்கிறது.