கச்சேரி வீட்டுக் குறுக்குக் கட்டை

கச்சேரி வீட்டின் வாசற்கதவுக்கு உள்பக்கம், சுவரில் சாய்ந்து நிற்கிறது, கதவைச் சாத்தியதும் பின்னால் செருகும் அந்தக் குறுக்குக் கட்டை. ஆள் உயரத்தைவிடக் கூடுதல் நீளம், கறுத்துப்போன வேங்கை மரம். நடுவில் வரிசையாக நான்கு பள்ளங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைக் கூட்டித் துடைக்க வரும் பிள்ளைகள் அதைக் கரையான் அரித்ததென்று நினைக்கிறார்கள். கரையானுக்கு அவ்வளவு வெறி கிடையாது.

எழுபதுகளின் கடைசி. நான் தபால் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தேரடித் தெருவுக்குப் பின்னால், நவாபு காலத்தில் வரி வசூல் கச்சேரியாக இருந்த அந்த வீட்டை நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குத் தலைவர், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய சார். கூடவே தையல்கடை பாய். வாரிசுகளில் ஒருவர் வீட்டை லாட்ஜ் கட்டுகிறவருக்கு விற்றுவிட, இன்னொருவர் கோர்ட்டில் தடை வாங்கிச் சாவியை எங்களிடம் கொடுத்திருந்தார். தீர்ப்பு வரும்வரை வீடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். இடித்துத் தள்ளிவிட்டால் பிறகு வழக்கு எதற்கு?

சாருக்கு மரத்தின் மேல் பைத்தியம். மாதம் ஒருமுறை கட்டையைக் கழற்றி வேப்பெண்ணெய் தடவுவார். முற்றத்தில் வெயில் விழாது என்று தெருச்சுவரில் சாத்தி வைப்பார். "மரமும் வெயில் பாக்கணும்மா, நம்மள மாதிரிதான்" என்பார். ஊரே பார்க்க, கதவின் பலத்தைத் தெருவில் காயப்போட்ட புத்திசாலிகள் நாங்கள்தான்.

அப்படிக் கட்டை காய்ந்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு காலையில் லாரி வந்து நின்றது. கடப்பாரைகளோடு லாட்ஜ்காரரின் ஆட்கள் குதித்தார்கள். கட்டையைப் புரட்டி வைக்க வெளியே போயிருந்த சார், "கதவ சாத்துங்க! என்னப் பாக்காதீங்க, சாத்துங்க!" என்று கத்தினார். சாத்தினோம். பாய் ஆள் கூட்டிவரப் பின்வாசல் வழியே ஓடினார். கதவில் மிஞ்சியிருந்தது ஒரு சின்னத் தாழ்ப்பாள். நான் தோளைக் கொடுத்து நின்றேன்.

இடுக்கு வழியே எல்லாம் தெரிந்தது. எங்கள் கட்டையைத் தூக்கியே எங்கள் கதவை இடிக்கப் பார்த்தார்கள். சார் அதன் மேல் விழுந்து கட்டிக்கொண்டார். முதுகில் உதைத்தார்கள். பிடித்து இழுத்ததில் சட்டைதான் கிழிந்து வந்தது. ஒருவன் கடப்பாரையை ஓங்கி, "கைய எடு, ஒடச்சிடுவேன்" என்றான். சார் எடுக்கவில்லை. இறங்கிய கடப்பாரை விரலை நசுக்கிக்கொண்டு மரத்தில் பதிந்தது. காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம். அவர் அலறினார். மறுபடி அடித்தான், மறுபடியும், மறுபடியும். எண்ணெய் தடவிய மரத்தில் ரத்தம் ஒட்டாமல் வழிந்தது. நான் உள்ளே நின்று, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொல்லிக் கத்தினேன்.

பாய், பூக்கடைக்காரர்களையும் ஜட்கா வண்டிக்காரர்களையும் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். கல் பறந்தது. கடப்பாரைக்காரன் வாயில் ஒன்று பட்டு, பல்லைத் துப்பிக்கொண்டே லாரியில் ஏறினான். அதில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

சாரின் வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "கட்ட நல்லா இருக்குதாம்மா?" என்றுதான் கேட்டார். மிஷினில் அடித்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தவர், எண்பதுகள் முழுக்க பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபடி எழுத்துகளை வாயால் சொல்லிக்கொடுத்தார். வழக்கில் ஜெயித்தோம். தன் கடைசிக் காலம் வரை அவர்தான் கட்டைக்கு எண்ணெய் தடவினார், இடது கையால்.

போன ஞாயிறு ஒரு பெண் மரத்தூளில் பசையைக் குழைத்து எடுத்து வந்தாள். நல்ல பிள்ளை, ஒரு வாரம்கூடத் தவறாமல் வருகிறவள். "மேடம், இந்தப் பள்ளத்த அடைச்சிட்டா நீட்டா ஆயிடும்ங்க" என்று கட்டையில் கை வைத்தாள். எங்கிருந்துதான் எனக்கு அந்தக் கோபம் வந்ததோ.

"கைய எடு, ஒடச்சிடுவேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அவள் பயந்து கையை எடுத்துவிட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவள், பசைக் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, தன் விரல்களை அந்தப் பள்ளங்களில் ஒவ்வொன்றாக வைத்தாள். இந்த முறை எடுக்கவில்லை.