ஒரு முழம் தள்ளிப் போட்ட சுவர்

துனிஸ் நகரத்துப் பழைய கோட்டைக்குள், ஒரு முட்டுச்சந்தின் வாயில் மழலையர் பள்ளி நடத்தி வந்தாள் தலென்தா டீச்சர். புருஷன் போய்விட்டான், பிள்ளை குட்டி இல்லை. ஆனால் அவள் குரல் சந்து முழுக்கக் குடியிருந்தது. பிள்ளை மூக்கைச் சிந்தாமல் வந்தால் அதன் அம்மாவுக்குத் திட்டு. யார் வீட்டிலாவது மீன் கருகினால் அவர்களுக்கும் திட்டு. திட்டிவிட்டு ஒரு தட்டு ரவைக் கூஸ்கூஸும் கொடுத்தனுப்புவாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முந்தின வருஷத்துக் கோடையில், வகுப்பறையில் இடம் பத்தவில்லை என்று முன்சுவரை இடித்துத் தெருவுக்குள் ஒரு முழம் தள்ளிக் கட்டினாள். கொத்தனார் நூருதீன் கரண்டியைப் பிடித்தபடி தயங்கினான்.

"தெரு குறுகிடுமே, டீச்சர்?"

"ஆள் போகலாம், வரலாம். இந்தச் சந்துக்குள்ள பட்டாளமா அணிவகுத்து வரப்போவுது? நீ கல்ல வையி."

கேஸ் சிலிண்டர் போடுகிறவன் தள்ளுவண்டி முட்டுகிறது என்று முனகினான். "தோள்ல தூக்கு, உடம்புக்கு நல்லது" என்றாள். எல்லாரும்தான் தெருவை இழுத்துப் போட்டுக் கட்டுகிறார்கள், யாரை யார் கேட்டார்கள்? 'விசாலமான வகுப்பறை' என்று வாசலில் ஒரு பலகையும் மாட்டியாயிற்று.

சந்தின் கடைசி வீட்டில் அஸூஸ் கிழவர் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கதவை அடைக்கிற உடம்பு. முழங்கால் இரண்டும் போய்விட்டன. பட்டறை வைத்திருந்த மகன், அப்பாவின் உடம்புக்குத் தக்கபடி இரும்பில் ஒரு சக்கர நாற்காலி செய்து கொடுத்திருந்தான். சாயங்காலமானால் அதில் காபிக்கடைக்குப் போவார். அங்கே துஹாமி காத்திருப்பார். இருவரும் சீட்டைப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் திருடன் என்று ஏசுவார்கள். நாற்பது வருஷச் சிநேகிதம் அது.

அந்தக் கோடையோடு அஸூஸ் வெளியே வருவதை நிறுத்திவிட்டார். "காபி கசக்குது" என்றார், அவ்வளவுதான். குளிர்காலத்தில் துஹாமி செத்துப்போனார். மையத்தைத் தூக்கிக்கொண்டு சந்துமுனையைத் தாண்டிப் போனார்கள். அஸூஸ் வரவில்லை. தலென்தா டீச்சருக்குப் பொறுக்குமா? காபிக்கடை ஆட்கள் நிற்கிற இடத்திலேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கடைசி வீட்டுக்குக் கேட்கட்டும் என்றே கத்தினாள்.

"நாப்பது வருஷம் ஒண்ணாச் சீட்டு ஆடினவன் மையத்துக்குக்கூட வரலியே! நெஞ்சா அது, கருங்கல்லா?"

அந்தப் பேச்சு காபிக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு அஸூஸைப் பற்றி அங்கே ஒருவரும் விசாரிக்கவில்லை.

வசந்தம் வந்தது. ஒரு நாள் வகுப்பில் அகலம் என்கிற பாடம். டீச்சர் இதில் கெட்டிக்காரி. ஒரு ரிப்பனும் ஒரு நூலும் எடுத்துக் காட்டினாள். ஒரு தாம்பாளமும், கழுத்து ஒடுங்கிய எண்ணெய்க் குப்பியும் எடுத்துக் காட்டினாள்.

"நீளத்த நடந்து பாக்கலாம். அகலத்த ரெண்டு கையையும் விரிச்சுப் பாக்கலாம். தாம்பாளத்துக்கு வாய் எப்படி?"

"அகலம்!"

"குப்பிக்கு?"

"குறுகல்!"

"டீச்சருக்கும் வாய் அகலம்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

பிறகு பிள்ளைகளைச் சந்துக்குள் கூட்டிப் போனாள். கடைசி வீட்டெதிரே இரண்டு பிள்ளைகள் கைகோத்து நின்றால்தான் இரண்டு சுவரையும் தொட முடிந்தது. பள்ளிச் சுவரருகே வந்ததும் ஒரு பிள்ளை கையை விரித்தாலே போதுமாயிருந்தது. அஸூஸின் பேத்தி ரிஹாம் இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டீச்சர், எங்க தாத்தா வண்டி அகலம். இந்த எடம் குறுகல். அதான் வண்டி போகாது."

"சபாஷ்! ரெண்டு வார்த்தையும் சரியாச் சொன்னே!" என்று கைதட்டிவிட்டாள் டீச்சர். பிள்ளைகளும் தட்டினார்கள். தட்டிய கை அப்படியே நின்றுபோயிற்று. சுவரில், சக்கர உயரத்தில், இரும்பு உரசிய பழைய கீறல் ஒன்று இருந்தது. தினமும் அந்தச் சுவரோரமாக நடக்கிறவள் அதைப் பார்த்ததே இல்லை.

மத்தியானம் கடைசி வீட்டுக்குப் போனாள். மருமகள் ஷத்லியா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா, ஷத்லியா?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு, டீச்சர்."

உள்ளேயிருந்து கிழவர் பேசினார். "புள்ளைங்க நெருக்கியடிச்சு உக்காந்திருந்துச்சு. இப்ப கால நீட்டி உக்காருதுங்கல்ல? விட்டுத்தள்ளு."

"யாராவது உங்களத் தூக்கிட்டாவது..."

"தூக்கிட்டுப் போக நான் என்ன மையத்தா?"

"சாச்சா, அன்னிக்கு நான் பேசினது..."

"எனக்குக் காது நல்லாவே கேக்கும், டீச்சர்."

நாலு வசை வைதிருந்தால்கூடத் தேவலை. கூனிக்குறுகி வீடு வந்து சேர்ந்தாள்.

அந்த வாரமே நூருதீன் வந்து சுவரை இடித்துப் பழைய இடத்தில் கட்டினான். பலகையைக் கழற்றி அடுப்படியில் போட்டாள். ஆனால் ஏன் இடிக்கிறாய் என்று கேட்டவர்களிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "சுவர்ல ஓதம் ஏறிடுச்சு" என்றாள். "அடப் பாவமே, உனக்கு எவ்வளவு நஷ்டம்!" என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒவ்வொரு உச்சும் ஊசியாய்க் குத்தியது. குத்தினால் என்ன? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, மறைத்த கையோடு உட்கார்ந்திருந்தாள். ஊரைத் திட்டுகிற வாய்க்குத் தன்னைச் சொல்லவா வரும்?

வெள்ளிக்கிழமை அஸூஸின் நாற்காலி வெளியே வந்தது. எங்கும் முட்டவில்லை. டீச்சர் ஓடிப்போய் பின்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"காபிக்கடைக்கா, சாச்சா?"

"துஹாமிகிட்ட."

காபிக்கடையைத் தாண்டும்போது சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்!" என்றார் ஒருவர். ஆனாலும் செத்தவனுக்காக நாலைந்து பேர் எழுந்து, பேசாமல் பின்னால் வந்தார்கள்.

மேட்டு இடுகாட்டில், துஹாமியின் கபர் முன்னால் அஸூஸ் பாத்திஹா ஓதினார். பிறகு குனிந்து, பக்கத்து மேஜைக்காரனிடம் பேசுவதுபோலச் சொன்னார்.

"டேய் துஹாமி, லேட்டாயிடுச்சு. கோவிச்சுக்காத. உடம்பு முடியல, வேற ஒண்ணுமில்ல."

"இத்தன மாசமாவா முடியல?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கிழவர் குனிந்தபடியே கபர்க் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். செத்த சிநேகிதனிடமும் அவர் அவளைக் காட்டிக்கொடுக்கத் தயாராக இல்லை. தலென்தாவுக்கு நின்ற இடம் சுட்டது.

"பொய் சொல்றாரு" என்றாள். சந்து முழுவதையும் அதிரவைக்கும் அந்தக் குரல் அன்று பக்கத்தில் நின்றவர்களுக்கே எட்டவில்லை. இன்னொரு முறை சொன்னாள். "பொய் சொல்றாரு. ஓதமும் இல்ல ஒண்ணுமில்ல. தெருவுல ஒரு முழத்த நான் திருடிட்டேன். இவர் வண்டி போகல. போகலன்னு தெரிஞ்சும் இவர் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. கருங்கல்லுன்னு நான் கத்தினேன், நீங்க நம்பிட்டீங்க."

அஸூஸ் கபரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டியாடா?" என்று மெல்லச் சொன்னார்.

காபிக்கடையில் குத்திப் பேசியவர் முன்னால் வந்து நாற்காலியின் பிடியில் கை வைத்தார். "நகருங்க டீச்சர், நாங்க தள்ளிக்கறோம்" என்றார். அவள் நகர்ந்துகொண்டாள்.

நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நெருங்கி நடந்தபடி அவர்கள் இறங்கினார்கள். அங்கே பாதை அகலம்தான், இன்னும் நாலு பேர் சேர்ந்து நடக்கலாம். பக்கத்தில் போக அவளுக்கு முகமில்லை. பத்தடி பின்னாலேயே நடந்து வந்தாள்.